அமெரிக்க நிறுவனத்தில் ஆப்பிரிக்கச் சுருள்முடிக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்க விதிகளில் எதை மாற்ற வேண்டும்?

தோற்ற விதியில் 'நேர்த்தியான', 'கண்ணியமான' என்று அளவுகோல் இல்லாமல் நிற்கும் சொற்களை முதலில் நீக்குங்கள். எது நேர்த்தி என்று மேலாளர் தன் விருப்பப்படி முடிவு செய்ய அவைதான் இடம் தருகின்றன.

அலபாமாவில் 2010-இல் ஒரு கறுப்பினப் பெண் தன் 'லாக்ஸ்' சடையை (கயிறுபோல் திரிந்து இறுகிய முடி) வெட்ட மறுத்ததால் கிடைத்த வேலையை இழந்தார். மாற்ற முடியாத இயல்புகளுக்கே சட்டப் பாதுகாப்பு, சிகையலங்காரத்துக்கு இல்லை என்று 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. என் பார்வையில் இது அநியாயமான வாதம். லாக்ஸைப் பெரும்பாலும் வெட்டித்தான் எடுக்க முடியும். சுருள்முடியை நிரந்தரமாக நேராக்கப் பூசும் சோடியம் ஹைட்ராக்சைடு தலைத்தோலையே சுட்டுப் புண்ணாக்கக்கூடும்.

இந்த ஓட்டையை அடைக்க முடியின் தன்மை, சிகையலங்காரம் ஆகியவற்றை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் 'கிரவுன்' சட்டத்தைக் கலிபோர்னியா 2019-இல் இயற்றியது. பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. நாடு தழுவிய மசோதா 2022-இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் செனட்டைத் தாண்டவில்லை. ஆகவே எந்த மாநிலமானாலும் ஆஃப்ரோ (இயல்பாக விரிந்து நிற்கும் சுருள்முடி), பின்னல், லாக்ஸ், ட்விஸ்ட் (இரு புரியாக முறுக்கிய முடி) ஆகியவற்றுக்கு அனுமதி உண்டு என்று பெயர் சொல்லியே எழுதுங்கள்.

இயந்திரம், சமையலறை போன்ற இடங்களில் ஆபத்தை மட்டும் குறிப்பிடுங்கள்: 'தோளுக்குக் கீழே தொங்கும் முடி யாருடையதானாலும் கட்டப்பட வேண்டும்.' அடர்ந்த முடிக்குப் பொருந்தும் பெரிய வலையையும் தலைக்கவசத்தையும் நிறுவனமே வாங்கித்தர வேண்டும். இதைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

பாதிக்கப்பட்டவர் மேலாளர் சொன்னதைத் தேதியோடு எழுதிவைக்கட்டும். பாகுபாடு நடந்த நாளிலிருந்து 180 நாளுக்குள் மத்திய அரசின் சமவேலைவாய்ப்பு ஆணையத்தில் (EEOC) புகார் தர வேண்டும். மாநில அளவிலும் அத்தகைய அமைப்பு இருந்தால் 300 நாள்.