ஹெல்ப் டெஸ்க் முகவரிக்கு வரும் ஸ்பாம் எல்லாம் டிக்கெட் (கோரிக்கைப் பதிவு) ஆகிறது. டிக்கெட் மென்பொருளிலேயே ஃபில்டர் போட்டால் போதுமா?

போதாது. ஸ்பாமா இல்லையா என்று முடிவு செய்யும் வேலையை மெயில் சர்வரிடம் விடுங்கள். டிக்கெட் மென்பொருள் அந்த முடிவைப் படித்து நடந்துகொண்டால் போதும்.

டிக்கெட் மென்பொருளில் ஃபில்டர் போட உட்கார்ந்தால் முதலில் கை போவது சொற்களுக்குத்தான். 'அவசரம்', 'பாஸ்வேர்டு', 'இன்வாய்ஸ்' என்று ஒரு பட்டியல் போடுவோம். உண்மையில் மாட்டிக்கொண்டு தவிக்கும் வாடிக்கையாளர் எழுதுவதும் இதே சொற்களைத்தான். அனுப்புநரைத் தடை செய்வதிலும் பெரிய பலன் இல்லை. ஸ்பாமில் அந்த முகவரி பெரும்பாலும் போலி, அடுத்த முறை வேறொன்று வரும். மெயில் சர்வருக்கோ அனுப்பும் இயந்திரத்தின் ஐபி நேரடியாகத் தெரியும். அனுப்புநர் முகவரி போலியா என்று பார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் சோதனைகளையும் அங்கேயே செய்துவிடலாம்.

மெயில் சர்வரோடு சேர்த்து ஓட்டும் ஸ்பாம் ஃபில்டர்களான ஆர்ஸ்பாம்டி, ஸ்பாம்அசாசின் இரண்டுமே இலவசம். ஆர்ஸ்பாம்டியின் இயல்பான அமைப்பில், ஸ்பாம் சந்தேகத்துக்கு 6 புள்ளி எடுத்த மெயிலுக்கு ஸ்பாம் என்று ஹெடரில் (மெயிலின் தலைப்புத் தகவலில்) குறி விழும். 15 புள்ளி எடுத்தால் வாசலிலேயே நிராகரிப்பு. தப்பித் தவறி நல்ல மெயில் நிராகரிக்கப்பட்டாலும் அனுப்பியவருக்குப் பெரும்பாலும் தகவல் போய்விடும், அதனால் சத்தமில்லாமல் அழிப்பதைவிட இது எவ்வளவோ மேல். குறி விழுந்ததைத் தனி வரிசைக்குத் தள்ளுங்கள். உங்கள் மென்பொருளுக்கு ஹெடர் படிக்கத் தெரியாவிட்டால், சீவ் (மெயிலை வகைபிரிக்கும் விதிமொழி) விதி எழுதி மெயில் பெட்டியிலேயே வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிடலாம். அந்த ஃபோல்டரை மென்பொருள் எடுக்காதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பலரும் கவனிக்காமல் விடுவது தானியங்கிப் பதில். "உங்கள் கோரிக்கை கிடைத்தது, டிக்கெட் எண் இது" என்று ஸ்பாமுக்கும் ஒன்று போகும். போலி முகவரியின் உண்மையான சொந்தக்காரர், சம்பந்தமே இல்லாமல், அதை வாங்கிக்கொள்வார். இப்படி நிறையப் போனால் உங்கள் சர்வரின் பெயர் கெடும். நிஜ வாடிக்கையாளருக்கு நீங்கள் எழுதும் பதிலும் அவருடைய ஸ்பாம் பெட்டியில் விழத் தொடங்கும். ஸ்பாம் குறி உள்ளதற்கும், தானாக அனுப்பப்பட்ட மெயிலா என்று சொல்லும் 'ஆட்டோ-சப்மிட்டட்' ஹெடரில் 'நோ' தவிர வேறு மதிப்பு உள்ளதற்கும் தானியங்கிப் பதிலைக் கட்டாயம் நிறுத்துங்கள். இரண்டாவதை விட்டுவிட்டால், இரண்டு ஹெல்ப் டெஸ்க்குகள் ஒன்றுக்கொன்று விடாமல் பதில் எழுதிக்கொண்டே இருக்கும்.

பழைய மெயில்களைப் பார்த்து ஸ்பாமை அடையாளம் காணக் கற்கும் பேயஸ் ஃபில்டருக்குப் பாடம் சொல்லித்தர உங்களிடம் நல்ல சரக்கு இருக்கிறது: தீர்த்து மூடிய டிக்கெட்டுகள். ஸ்பாம்அசாசினில் ஸ்பாமும் நல்ல மெயிலும் தலா 200 கற்ற பிறகுதான் பேயஸ் வேலையைத் தொடங்கும். எல்லாரும் ஸ்பாமை மட்டும் ஊட்டிவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவார்கள். ஃபார்வர்டு செய்த பிரதி வேண்டாம், ஹெடர் மாறிவிடும். மூல மெயிலையே கொடுங்கள்.

தனி வரிசையைத் தினமும் ஒருவர் திறந்து பார்க்கட்டும். அதில் வாடிக்கையாளர் மெயில் கிடந்தால், முதலில் அவருக்குப் பதில் போகட்டும். பிறகு அதை நல்ல மெயிலாக ஃபில்டருக்குக் கற்றுக்கொடுங்கள்.