கடலுக்குப் போகும் தண்ணீர் வீணா?

கேள்வி: ஆற்றுநீர் வீணாகக் கடலில் கலக்கிறதே, ஒரு சொட்டு விடாமல் வாய்க்காலில் திருப்பிவிட்டால் என்ன?
– வாசகர், திருச்சி

பதில்: பாகிஸ்தானில் ஏறக்குறைய அதைத்தான் செய்தார்கள். சிந்து நதியின் கடைசித் தடுப்பணை 1955இல் கோட்ரியில் வந்தது. அப்புறம் ஆண்டில் பல மாதம் அதற்குக் கீழே வெறும் மணல்தான். சிந்து மாகாணத்து மக்கள் சாப்பிட உயிரை விடும் பல்லா மீன், அதாவது நம் உல்லம், முட்டையிட ஆற்றை எதிர்த்து ஏறி வரும். தண்ணீரே வராத ஆற்றில் அது எப்படி ஏறும்? கழிமுகத்துக்குள் கடல் புகுந்தது. சிவப்பரிசி விளைந்த கேட்டி பந்தர் பக்கம் நிலமெல்லாம் உப்புப் பூத்துவிட்டது. குடிதண்ணீர் லாரியில் வருகிறது.

1991இல் பாகிஸ்தான் மாகாணங்கள் சிந்து நதிநீரைப் பங்கிட்டுக்கொண்டபோது, கடலுக்கென ஆண்டுக்கு 1 கோடி ஏக்கர் அடி வேண்டும் என்றது சிந்து மாகாணம். நம் கணக்கில் சுமார் 435 டிஎம்சி. ஆய்வு செய்து பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்கள். தள்ளிவைப்பதில் எல்லா நாடும் ஒன்றுதான்!

நான் கொள்ளிடக் கரைக்காரன். புதுவெள்ளம் வந்து முகத்துவாரம் கலங்கினால்தான் எங்கள் பக்கம் இறால் படும். வெள்ளம் பொய்த்த வருஷம் வலையை உதறினால் பாசிதான். ‘வீண்’ என்று எங்கள் பழையாறு மீன்பிடித் துறையில் நின்று சொல்லிப் பாருங்கள், டீ கூடத் தரமாட்டார்கள்.