மரக் கிளாரினெட் வெடிக்காமல் காக்க எண்ணெய் வேண்டுமா?

கேள்வி: புதிதாக ஒரு மரக் கிளாரினெட் வாங்கியிருக்கிறேன். மரம் வெடிக்காமல் இருக்க, உட்துளையில் பூசும் எண்ணெயையும் பெட்டிக்குள் வைக்கும் ஈரப்பதப் பொதிகளையும் உடனே வாங்கச் சொல்லிக் கடைக்காரர் வற்புறுத்துகிறார். இவை தேவைதானா?

பதில்: எண்ணெயை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் சிறிய மானி ஒன்றை முதலில் வாங்குங்கள். கிளாரினெட்டும் அதைப் போன்ற ஊதுகருவியான ஓபோவும் செய்யப் பயன்படும் கிரெனடில்லா, தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்கு அடர்த்தியான மரம். ஆயினும், ஊதும்போது மூச்சின் வெப்பமும் ஈரமும் பட்டு உட்புறம் விரிய, வெளிப்புறம் குளிர்ந்தும் காய்ந்தும் இருந்தபடியே இருப்பதால், அந்த இழுவிசையைத் தாங்க முடியாமல் மரம் இழையின் போக்கிலேயே பிளக்கிறது. பெரும்பாலும் மேல் துண்டில், இரு சுரங்களை விரைவாக மாற்றி மாற்றி வாசிக்க உதவும் திரில் சாவிகளின் துளைகளை ஒட்டித்தான் விரிசல் தொடங்கும்.

ஆகவே முதல் சில வாரங்களுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 நிமிடங்கள் மட்டும் வாசித்து, பிறகு சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டுங்கள். கருவி குளிர்ந்திருந்தால், உள்ளே ஊதிச் சூடேற்றாமல், மேல் துண்டைக் கைகளுக்குள் பொத்தி வைத்திருந்து வெளிப்புறத்தை வெதுவெதுப்பாக்குங்கள். வாசித்து முடித்தவுடன் உட்துளையில் துணியை இழுத்துத் துடைப்பதோடு, துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்துமிடத்தில் உள்ள, பலரும் மறந்துவிடும் இணைப்புக் குழிகளையும் துடைத்துவிட வேண்டும்.

பெட்டிக்குள் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் வரை இருப்பது நல்லது. மானி அதற்குக் கீழேயே காட்டிக்கொண்டிருந்தால் பொதிகள் பயன்படும். ஏற்கெனவே ஈரம் மிகுந்த அறையில் அவை வீண் செலவு. இணைப்பிடத்து உலோக வளையம் விரலால் திருகினாலே சுழலுமானால், மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் வாசிக்காமல் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

எண்ணெயைப் பற்றிக் கருவி செய்பவர்களிடையேயே ஒருமித்த கருத்து இல்லை. அது மரம் ஈரத்தை உறிஞ்சுவதைத் தாமதப்படுத்தலாமே தவிர, வெடிப்பிலிருந்து காப்பதற்கு உறுதி தராது. சாவிகளின் அடியில் துளைகளை மூடும் மெத்தைகளான பேடுகளில் பட்டுவிட்டால் அவை கெட்டுவிடும்.

உத்தரவாதச் சீட்டில், விரிசலுக்குப் பொறுப்பேற்கும் காலம் எவ்வளவு, துண்டையே மாற்றித் தருவார்களா அல்லது ஒட்டித்தான் தருவார்களா என்பவற்றைப் பாருங்கள். விரிசல் கண்டால் நீங்களாகப் பசை தடவாமல், வாசிப்பதை நிறுத்திப் படமெடுத்து, விற்றவருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள்.