கேர்னல் நிரலில் ‘பயன்படாத மாறி’ எச்சரிக்கையை அடக்குவது எப்படி?

இயங்குதளத்தின் மையமான கேர்னலில் டிபக் அச்சிடலை (பிழை தேட அச்சிடும் வரிகளை) அணைத்ததும் ‘பயன்படாத மாறி’ என்று கம்பைலர் கத்துகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மாறிக்கு முன்னால் அடைப்புக்குள் வாய்ட் போட்டால் அடங்கிவிடும், சரி. ஆனால் கோளாறு அச்சிடும் உங்கள் மேக்ரோவில் (கம்பைலுக்கு முன் நிரலாக விரியும் சுருக்கப்பெயர்). அணைத்ததும் அது வெறுமையாகிறது. மாறி பயன்படும் இடத்தைக் கம்பைலர் காண்பதே இல்லை. லினக்ஸில் உள்ள ‘நோ பிரிண்ட்கே’ மேக்ரோ போல, ‘இஃப் 0’ நிபந்தனைக்குள் அச்சிடும் வரியை வையுங்கள். கம்பைலர் வகைகளைச் சரிபார்க்கும், அப்புறம் அந்த வரியையே வெட்டிவிடும். சில கான்ஃபிக்கில் (கேர்னலைக் கட்டும்போது தேரும் அமைப்பில்) மட்டும் தேவைப்படும் மாறிக்கு ‘மேபி அன்யூஸ்ட்’ (பயன்படாமலும் போகலாம்) குறி போதும்.

ஒருமுறை மட்டக்களப்பில் நானும் நண்பனும் இப்படி வாயடைத்த மாறி, ஒரு ஃபங்ஷன் திருப்பித் தந்த பிழை எண். அதைச் சோதிக்க மறந்திருந்தோம். கல்லடிப் பாலத்தில் விளக்கெரியும் நேரம்வரை கோளாறைத் தேடினோம்.