ஏர் பிஸ்டலுக்குப் புது சைட்: மாட்டுவது உங்கள் வேலை, ஜீரோ செய்வது மகளின் வேலை

கேள்வி: திருமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் மதுரையில் ஒரு கிளப்பில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பயிற்சி எடுக்கிறாள். ஒருவர் பயன்படுத்திய பிஸ்டலைத்தான் வாங்கிக் கொடுத்தோம். அவள் வலக்கையால் சுடுகிறாள். பெல்லட்டுகள் (சிறு குண்டுகள்) எப்போதும் இடப்பக்கம் கீழாகவே விழுகின்றன. அதே நிறுவனத்தின் புதிய பின் சைட்டும் (குறி பார்க்கும் பாகம்) சற்று அகலமான முன் சைட்டும் வரவழைத்திருக்கிறேன். வீட்டிலேயே மாட்டலாமா? இதற்குப் பதில் ரெட் டாட் சைட் (சிவப்பு ஒளிப்புள்ளியால் குறி காட்டுவது) போட்டால் எளிது என்று ஒருவர் சொல்கிறார். அது சரியா?

பதில்: மாட்டலாம். போட்டிக்கான ஏர் பிஸ்டல்களில் சைட் பெரும்பாலும் சிறு திருகாணிகளால் பிடித்து நிற்கும் பாகம்தான். வெர்னியர் (நுண் அளவுகோல்) பிடித்துப் பழகிய கைக்கு அது கடினமில்லை. ரெட் டாட் வேண்டவே வேண்டாம். சர்வதேசத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் திறந்த சைட்டுக்கு மட்டுமே அனுமதி. லென்ஸ், லேசர், ஒளிப்புள்ளி எதுவும் கூடாது. அதில் பழகிய கண், போட்டிக்காகத் திறந்த சைட்டுக்குத் திரும்பும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அந்தப் பணத்துக்கு நல்ல பெல்லட் வாங்கிக் கொடுங்கள்.

ஆனால் புதிய சைட்டை உறையிலிருந்து எடுப்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோளாறு சைட்டில் இருக்கிறதா, விரலில் இருக்கிறதா? வலக்கையால் சுடுபவர்களுக்கு இடப்பக்கம் கீழே விழுவது மிகவும் பழக்கமான நோய். டிரிகரை மெல்ல நேராகப் பின்னுக்கு இழுக்காமல் சட்டென்று அழுத்தினால் மற்ற விரல்களும் சேர்ந்து இறுகும். குழல் முனை இடதாகக் கீழே சரியும். பெரியவர் கைக்குச் செதுக்கிய மரப்பிடியை வளரும் பெண் பிடித்தாலும் இதே கதைதான். பிஸ்டல் இன்னொருவரிடமிருந்து வந்தது என்பதால் பிடியின் மீதுதான் என் முதல் சந்தேகம்.

இதைக் கண்டுபிடிக்கப் பைசா செலவில்லை. அதே பிஸ்டல், அதே பெல்லட்டோடு பயிற்சியாளரைப் பத்து முறை சுடச் சொல்லுங்கள். அவருடைய குரூப், அதாவது ஓட்டைகளின் கூட்டம், நடுவில் விழுந்தால் சைட் மீது பழி இல்லை. மகளின் டிரிகர் பழக்கத்தையும் பிடியையும்தான் பார்க்க வேண்டும். அவருக்கும் இடப்பக்கமே விழுந்தால் சைட்டைத் தொடுவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. மகளின் இலக்குத் தாள்களையும் எடுத்துப் பாருங்கள். ஓட்டைகள் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுந்து, அந்த இடம் மட்டும் தள்ளியிருந்தால் அது சைட்டின் வேலை. தாள் முழுவதும் சிதறிக் கிடந்தால் எத்தனை விலையுயர்ந்த சைட்டும் அதைச் சேர்த்து வைக்காது.

சைட்தான் என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி கணக்கு, பட்டறைக்காரரான உங்களுக்கு இது பிடிக்கும். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். 320 மில்லிமீட்டர் என்று கொண்டால், இலக்கு 10,000 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. அதாவது சைட்டில் நேரும் எந்தப் பிசகும் இலக்கில் ஏறக்குறைய 31 மடங்காகப் பெருகும். சைட்டில் 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால் இலக்கில் 3 மில்லிமீட்டர். இலக்கின் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் 8 மில்லிமீட்டர் அகலம். உங்கள் வெர்னியரின் மிகச் சிறிய அளவான 0.02 மில்லிமீட்டர்கூட இலக்கில் அரை மில்லிமீட்டருக்கு மேல் பேசும். சைட்டில் சிறு ஆட்டம்கூட இருக்கக் கூடாது என்று பயிற்சியாளர்கள் மன்றாடுவது இதனால்தான்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பது வந்துவிடும். குரூப்பின் நடு 25 மில்லிமீட்டர் இடப்பக்கம் இருந்தால் 25-ஐ 320-ஆல் பெருக்கி 10,000-ஆல் வகுங்கள்: 0.8 மில்லிமீட்டர். பின் சைட்டை அவ்வளவு வலப்பக்கம் நகர்த்த வேண்டும். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட் போகும். முன் சைட் அதற்கு எதிர்ப்பக்கம் போகும். உயரத்துக்கும் இதே விதிதான். குண்டு மேலே ஏற வேண்டுமானால் பின் சைட்டை உயர்த்தலாம் அல்லது முன் சைட்டைத் தாழ்த்தலாம். பல பிஸ்டல்களில் பின் சைட்டின் திருகாணியைத் திருப்பினாலே 0.8 மில்லிமீட்டர் கிடைத்துவிடும். பழைய சைட்டில் அந்தத் திருகாணி ஏற்கெனவே எல்லை வரை போய் நின்றுவிட்டதா, திருகு நூல் தேய்ந்து கிளிக் (ஒவ்வொரு படியிலும் எழும் சிறு ஒலி) விழாமல் வழுக்குகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் புதிய பின் சைட் உங்களுக்குத் தேவையே இல்லாமல் போகலாம்.

இனி மாட்டும் வேலை. முதலில் காற்று சிலிண்டரைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள். அது 200 பார் வரை அழுத்தம் அடைத்த கலம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் காருக்குள்ளோ மொட்டை மாடியிலோ அதை விட்டுவிடக் கூடாது. சிலிண்டரைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் ரெகுலேட்டரில் (அழுத்தத்தைச் சீராக்கும் பாகம்) காற்று மிஞ்சி, ஒரு பெல்லட்டைத் தள்ளும் வலு சில பிஸ்டல்களில் இருக்கும். ஆகவே லீவரைத் திறந்து குழலில் பெல்லட் இல்லை என்று கண்ணால் பாருங்கள். பிறகு பாதுகாப்பான பக்கம் நோக்கி ஒருமுறை டிரிகரை இழுத்து மிச்சக் காற்றை வெளியேற்றுங்கள். அதன் பின் குழலில் பெல்லட் இல்லை என்று காட்டும் பாதுகாப்புக் கொடியைச் செருகுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். மகளும் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும்.

பழைய சைட்டைக் கழற்றும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சைட்டை நகர்த்தும் திருகாணியை ஒரு பக்கம் கடைசி வரை திருப்பி, எத்தனை கிளிக் வந்தது என்று எண்ணிக் குறித்து வையுங்கள். புதிய சைட் ஒத்துவராமல் போனால் பழைய நிலைக்குத் திரும்ப இந்தக் குறிப்புதான் வழி. திருகாணிகள் மிகச் சிறியவை. பட்டறையில் இருக்கும் பெரிய ஸ்குரூ டிரைவர் அவற்றின் தலையைத் தின்றுவிடும். தெற்காவணி மூல வீதிப் பக்கம் நகைத் தொழிலாளர் வாங்கும் நுண் ஸ்குரூ டிரைவர் செட் ஒன்றும், தேயாத முனையுள்ள ஆலன் கீ ஒன்றும் போதும்.

சைட் உட்காரும் தளத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து எண்ணெய்ப் பசையை எடுத்துவிடுங்கள். புதிய சைட் கை அழுத்தத்திலேயே அதில் பதிய வேண்டும். பதியவில்லையென்றால் அங்கே நிறுத்துங்கள். சுத்தியலும் அரமும் உங்கள் கையெட்டும் தூரத்தில் இருக்கும் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். ஏர் பிஸ்டலின் உடல் பெரும்பாலும் அலுமினியம். தளத்தை ஒருமுறை அரம் போட்டுவிட்டால் அதை மீட்க முடியாது. பாகம் தவறாக வந்திருக்கிறது என்று விற்றவரிடம் திருப்பி அனுப்புவதே சரி.

பதிந்துவிட்டால், சைட்டை உடலோடு பிடிக்கும் திருகாணியின் நூலில் நீல நிற லாக்டைட்டை (திருகாணி தளராமல் பிடிக்கும் பசை) ஊசி முனையால் ஒரு பொட்டு மட்டும் வையுங்கள். சிவப்பு நிற லாக்டைட் இந்த வேலைக்கு ஆகாது. சூடு காட்டாமல் பிறகு கழற்ற முடியாது. கிளிக் விழும் திருகாணிகளில் எதையும் தடவக் கூடாது. இரண்டு திருகாணி இருந்தால் மாற்றி மாற்றி, இரண்டு விரல் பலத்தில் மட்டும் இறுக்குங்கள். அலுமினிய நூல் இரும்பு போல எச்சரிக்காது. திடீரென்று உரிந்து வந்துவிடும். பின் சைட்டின் மேல் விளிம்பும் முன் சைட்டின் தலையும் சம மட்டமாக இருக்கின்றனவா என்று பின்னாலிருந்து பார்த்துவிட்டு, திருகாணித் தலையையும் உடலையும் சேர்த்து நகப்பூச்சால் மெல்லிய கோடு ஒன்று இழுத்துவிடுங்கள். திருகாணி தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். லாக்டைட் முழுமையாக இறுக ஒரு நாள் விடுங்கள்.

அகலமான முன் சைட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அகலம் கூடினால் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. குறி பார்க்கும்போது முன் சைட்டின் இரு பக்கமும், பின் சைட்டின் பள்ளத்துக்குள், சமமான ஒளிக் கீற்று தெரிய வேண்டும். அந்த இரண்டு கீற்றுகளையும் ஒப்பிட்டுத்தான் கண் நடுவைக் கண்டுபிடிக்கிறது. முன் சைட் அகலமாகிப் பள்ளம் பழைய அளவிலேயே இருந்தால் கீற்று ஒடுங்கும். மங்கிய வெளிச்சத்தில் காணாமலே போகும். அதிகமாக அகன்றாலும் நடு எது என்று கண் தடுமாறும். பள்ளத்தின் அகலத்தை மாற்ற முடியும் பின் சைட் என்றால் மகள் கையை நீட்டிப் பிடித்தபடி சொல்லச் சொல்ல நீங்கள் கூட்டிக் குறையுங்கள். அவள் கை நீளமும் உங்கள் கை நீளமும் ஒன்றில்லை. உங்கள் கண்ணில் சரியாகத் தெரிவது அவளுக்குச் சரியாக இருக்காது.

சைட் பளபளத்தால் நம் வீடுகளில் இருக்கும் சூடமே மருந்து. உலோக முன் சைட்டை மட்டும் பிஸ்டலிலிருந்து கழற்றி, இடுக்கியில் பிடித்து, எரியும் சூடத்தின் புகை நுனியில் காட்டினால் மங்கலான கரி படியும். அதைவிடக் கறுப்பான, ஒளி தெறிக்காத பூச்சு கிடைப்பது அரிது. பிளாஸ்டிக் பாகங்களுக்கு இது ஆகாது. சிலிண்டர் இருக்கும் அறையில் நெருப்பே வேண்டாம்.

ஜீரோ செய்வதை, அதாவது குறி வைத்த இடத்தில் குண்டு விழும்படி சைட்டைச் சரிப்படுத்துவதை, வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். மொட்டை மாடியில் ஒரு பலகையை நிறுத்திச் சுட்டுப் பார்க்கும் ஆசை வரும். இந்தப் பிஸ்டலின் பெல்லட் 6 ஜூல் அளவிலான ஆற்றலோடு போகிறது. பலகையிலிருந்து தெறித்து வந்தாலும் ஒரு கண்ணைப் பறிக்க அது போதும். பக்கத்து மாடியில் துணி உலர்த்துபவரை நினைத்துப் பாருங்கள். கிளப்பில் இலக்கின் நடு தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில், உரிய விளக்கொளியில் இருக்கும். வெளிச்சம் மாறினால் இலக்கின் நடுவில் உள்ள கருவட்டத்தின் விளிம்பு கண்ணுக்குத் தெரிவதும் மாறும். வெயிலில் செய்த ஜீரோ விளக்கின் கீழ் நிற்காது.

அங்கே சுட வேண்டியது மகள். குறிபார்க்கும் கண், கழுத்துச் சாய்வு, கருவட்டத்துக்குக் கீழே எவ்வளவு வெள்ளை விட்டுப் பிடிக்கிறாள் என்பது, எல்லாம் சேர்ந்ததுதான் ஜீரோ. பயிற்சியாளர் செய்து கொடுத்த ஜீரோ தொடக்கத்துக்கு உதவும்; அத்தோடு சரி. அவள் வழக்கமாகச் சுடும் அதே பெல்லட்டில் பத்துச் சுடட்டும். கை நழுவியது என்று அவளே சொல்லும் ஓட்டைகளை விட்டுவிட்டு மிச்சத்தின் நடுவைக் குறியுங்கள். ஒரே ஒரு ஓட்டையைப் பார்த்து திருகாணியைத் திருப்பத் தொடங்கினால் அன்று மாலை வரை சைட் அலைந்துகொண்டே இருக்கும்.

எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. திருகாணியருகில் எழுதியிருக்கும் குறியை சில நிறுவனங்கள் "குண்டு அங்கே விழுந்தால் இப்படித் திருப்பு" என்ற பொருளில் பொறிக்கின்றன. வேறு சில "குண்டு அங்கே போக இப்படித் திருப்பு" என்ற பொருளில். ஜெர்மன் தயாரிப்புகளில் முதல் வகையைப் பார்க்கலாம். ஊகம் வேண்டாம். ஒரு குரூப் சுட்ட பிறகு ஒரே பக்கம் பத்துக் கிளிக் திருப்பி இன்னொரு குரூப் சுடுங்கள். இரண்டு நடுவுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பத்தால் வகுத்தால் ஒரு கிளிக்கின் மதிப்பு, திசையோடு சேர்த்துக் கிடைத்துவிடும். அதை மகளின் குறிப்பேட்டில் அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். போட்டியில் பதிவுக்கான சுடுதல் தொடங்கும் முன் தயாராகவும் சுட்டுப் பார்க்கவும் கிடைப்பது 15 நிமிடம்தான். அங்கே அப்பாவிடம் கேட்க முடியாது.

திருகாணி எல்லை வரை போயும் குண்டு இன்னும் கீழேயே விழுந்தால் மட்டும் முன் சைட்டின் உயரத்தைக் குறைக்கலாம். 12 மில்லிமீட்டர் மேலே ஏற்ற 0.38 மில்லிமீட்டர் போதும். அதில் பாதியை எடுத்து, சுட்டுப் பார்த்து, பிறகு மீதி. மேல் விளிம்பு நேராகவும் கூராகவும் இருக்க வேண்டும்; உருண்டுவிட்டால் தலை எது என்று கண்ணுக்குத் தெரியாது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 4.5 மில்லிமீட்டர் அளவும் 20 ஜூலுக்குக் குறைந்த ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கியை வைத்திருக்க உரிமம் தேவையில்லை. அதனால்தான் இதை வீட்டில் செய்யலாம் என்கிறேன். தோட்டா போட்டுச் சுடும் துப்பாக்கிக்கு இது பொருந்தாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் அவற்றைப் பழுது பார்ப்பதையும் மாற்றியமைப்பதையும் தடை செய்கிறது. லேத் வைத்திருப்பவர் என்று தெரிந்து யாராவது உரிமத் துப்பாக்கியைக் கொண்டுவந்து "சைட்டை மட்டும் கொஞ்சம் சரிசெய்து கொடுங்கள் அண்ணே" என்றால் தொடாமலே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

போட்டிக்குப் போகும் முன் பிஸ்டலை எடை பாருங்கள். சைட்டும் பிடியும் சேர்த்து 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. 420, 200, 50 மில்லிமீட்டர் அளவுள்ள பெட்டிக்குள் முழுதாக அடங்க வேண்டும். உயரமான புதிய பின் சைட் சில நேரம் இந்தப் பெட்டியில் இடிக்கும். சோதனை மேசையில் போய்த் தெரிந்துகொள்வதைவிட உங்கள் பட்டறையிலேயே அந்த அளவில் ஒரு தகரப் பெட்டி மடித்துப் பார்த்துவிடலாம். புதிய சைட்டோடு முதல் சில வாரம் ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் நகப்பூச்சுக் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கோடு விலகியிருந்தால் திருகாணியைக் கழற்றி, பழைய லாக்டைட்டைச் சுத்தம் செய்து, மறுபடி பொட்டு வைத்து இறுக்குங்கள். அன்றைக்கு வேறு எதையும் திருப்ப வேண்டாம்.