தானமாகப் பெற்ற ஸ்டெம் செல்லால் மூட்டு வலி தீருமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம், மூன்றாம் கிரேடு (நான்கு நிலைகளில் மூன்றாவது) என்கிறார்கள். தானமாகப் பெற்ற தொப்புள்கொடி ஸ்டெம் செல்லை ஊசியாகப் போட்டால் குருத்தெலும்பு மறுபடி வளர்ந்துவிடும், அறுவை சிகிச்சையே தேவைப்படாது என்று ஒரு விளம்பரம் பார்த்தோம். நம்பிப் போகலாமா?
– வாசகி, மதுரை

பதில்: அந்த விளம்பரத்தை நம்பி அம்மாவை அழைத்துச் செல்லாதீர்கள். ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல். ஆனால் ஊசியாகச் செலுத்தப்படும் செல்கள் மூட்டில் நெடுநாள் தங்குவதில்லை. அவை குருத்தெலும்பாக மாறித் தேய்ந்த இடத்தை நிரப்புவதும் இல்லை. உயிரோடிருக்கும் காலத்தில் அவை சுரக்கும் பொருள்கள் அழற்சியைத் தணிப்பதால்தான் சிலருக்கு வலி குறைகிறது.

இந்தியாவில் முறையாக அனுமதி பெற்ற மருந்து ஒன்று இருக்கிறது. ஆரோக்கியமான கொடையாளர்களின் எலும்பு மஜ்ஜையிலிருந்து பெங்களூரு நிறுவனம் ஒன்று தயாரிக்கும் 'ஸ்டெம்பியூசெல்', இரண்டாம், மூன்றாம் கிரேடு முழங்கால் தேய்மானத்துக்கு 2022 முதல் விற்பனையில் உள்ளது. ஒரு ஊசியில் 2.5 கோடி செல்கள் இருக்கும். 146 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வில், மருந்தில்லாத ஊசி போட்டுக்கொண்டவர்களைவிட இதைப் பெற்றவர்களுக்கு வலியும் நடமாட்டச் சிரமமும் குறைந்தன. ஆனால் அமெரிக்காவில் 480 பேரைச் சேர்த்து நடத்தி 2023இல் வெளியான ஆய்வில், தொப்புள்கொடித் திசுவிலிருந்து எடுத்த செல்கள் உட்பட மூன்று வகைச் செல் ஊசிகளில் ஒன்றுகூட, ஓராண்டு முடிவில், விலை குறைந்த சாதாரண ஸ்டீராய்டு (அழற்சியைத் தணிக்கும் மருந்து) ஊசியைவிட மேலான பலனைத் தரவில்லை. பெரும் தொகை கேட்கிறவர்கள் இந்த இரண்டாவது ஆய்வைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது தொற்று. 2018இல் அமெரிக்காவில், முறையான அனுமதியில்லாத தொப்புள்கொடி ரத்தத் தயாரிப்பை மூட்டிலும் முதுகிலும் போட்டுக்கொண்டவர்களில் 12 பேர் பாக்டீரியா தொற்றால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். திறக்காத குப்பிகளிலேயே கிருமிகள் இருந்தன.

ஆகவே, முதலில் எலும்பு மூட்டு மருத்துவரிடம் எக்ஸ்ரேயைக் காட்டி, தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியையும், உடல் எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பதையும் சில மாதங்கள் விடாமல் செய்யும்படி அம்மாவிடம் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் இந்த ஊசியைப் பற்றி யோசித்தால், மருந்தின் பெயர், தயாரிப்பாளர், உரிம எண் மூன்றையும் குப்பியின் லேபிளில் நீங்களே படித்துப் பாருங்கள். காட்டத் தயங்கினால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். ஊசி போட்ட பிறகு காய்ச்சலோடு முழங்கால் சிவந்து வீங்கினால், மறுநாள் வரை காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.