தண்டிப்பதற்கும் கண்டுகொள்ளாமல் விடுவதற்கும் நடுவே: பயிற்றுநர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பிரச்சினை வந்தால் தண்டனையோடு முடித்துவிடாமல், கெட்டுப்போன உறவைச் சீர்செய்யும் வகுப்பறைகளை உருவாக்க ஆசிரியர்களோடு வேலை செய்யும் பயிற்றுநர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

மேடம், இரண்டு நாள் பயிற்சி முகாம் அருமையாக நடந்தது. ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் வகுப்பில் எதுவும் மாறவில்லை. எங்கே தவறு?

முகாமில் தவறில்லை. அதற்குப் பிறகு யாரும் வகுப்புக்குள் போகாததுதான் தவறு. கேட்டுத் தெரிந்துகொண்டது, முப்பது பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும்போது கைக்கு வராது. செய்துகாட்டி, செய்யவைத்து, உடனிருந்து திருத்தினால்தான் வரும்.

ஓர் ஆசிரியரோடு ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் முக்கால் மணி நேரப் பேச்சு, பிறகு இருபது நிமிடம் வகுப்பைப் பார்ப்பது. இரண்டாம் வாரம் ஒரே ஒரு இலக்கு, அதையும் ஆசிரியரே தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றாம் வாரம் நீங்கள் நடத்துங்கள், அவர் பார்க்கட்டும். நான்காம் வாரம் சேர்ந்து நடத்துங்கள். கடைசி இரண்டு வாரமும் அவர் நடத்துவார், நீங்கள் பின்வரிசையில் இருப்பீர்கள். ஒரே சமயத்தில் எட்டுப் பேருக்கு மேல் எடுத்தால் எல்லாம் அரைகுறையாகிவிடும்.

இலக்கை நீங்களே எழுதிக் கையில் கொடுத்தால், பிள்ளைகளுக்குச் செய்யாதீர்கள் என்று சொல்வதையே ஆசிரியருக்கு நீங்கள் செய்கிறீர்கள்.

வட்டமாக உட்காரவைத்து ஒவ்வொருவராகப் பேசச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், யாரும் வாய் திறப்பதில்லை, ஒரு பாடவேளையே போய்விடுகிறது என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள்.

முதல் வட்டத்தை எப்போது நடத்தினார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஏதோ திருட்டுக்கோ சண்டைக்கோ பிறகுதான் இருக்கும். வட்டம் என்றாலே விசாரணை என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிட்டால் அதை மாற்ற மாதங்கள் ஆகும். பத்து வட்டம் நடந்தால் எட்டு சாதாரண நாட்களில் நடக்கட்டும்.

கணக்கு எளிது: முப்பது பேர், ஆளுக்கு இருபது விநாடி, ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம். தொடக்கமும் முடிவும் சேர்த்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. நாற்பதைத் தாண்டிய வகுப்பென்றால் பாதிப் பேர் உள்வட்டத்தில் பேசட்டும், மற்றவர்கள் வெளிவட்டத்தில் கேட்கட்டும், அடுத்த முறை இடம் மாறட்டும். மேசைகள் நடுவில் வேண்டாம். ஆசிரியரும் அதே உயர நாற்காலியில்தான் உட்கார வேண்டும். பந்தோ கல்லோ ஒரு பொருள் கைமாறி வரட்டும், அது கையில் இருப்பவர் மட்டும் பேசலாம். பேச விருப்பமில்லாதவர் அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம், காரணம் கேட்கக்கூடாது.

முதல் இரண்டு வாரம் ஒரே வரியில் பதில் வரும் கேள்விகள் போதும்: ‘இன்று காலையில் கேட்ட ஒரு சத்தம்?’ பிறகு வகுப்பைப் பற்றி: ‘இந்த வகுப்பில் எப்போது பேசத் தயங்குகிறாய்?’ கனமான விஷயங்கள் அதற்கும் பிறகு.

வெளியே தெரியாத ஒரு தவறும் உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் பேசி முடித்ததும் ஆசிரியர் ‘நல்லது’, ‘சபாஷ்’ என்பார். உடனே எல்லாக் கண்களும் ஆசிரியர் பக்கம் திரும்பிவிடும். உருவத்தில் வட்டம், நடப்பதோ பழைய வகுப்பு. தாளில் வட்டம் வரைந்து, யார் பேசியதும் யார் பதில் சொன்னார் என்று அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

சண்டைக்குப் பிறகு இருவரையும் அழைத்து மன்னிப்புக் கேட்க வைத்தோம். மறுவாரமே மறுபடி சண்டை.

கேட்கவைத்த மன்னிப்பு, ஆசிரியரிடமிருந்து தப்பிக்கும் வழிதான். அடிபட்ட பிள்ளைக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

முதலில் இருவரையும் தனித்தனியே பாருங்கள். வராந்தாவில், பத்துப் பேர் பார்க்க, நின்றபடி வேண்டாம். ‘ஏன் செய்தாய்?’ என்று ஆரம்பித்தால் பிள்ளை காரணம் தேட ஆரம்பித்துவிடும். ‘என்ன நடந்தது? அப்போது மனதில் என்ன ஓடியது? யாருக்கெல்லாம் பாதிப்பு? சரிசெய்ய என்ன செய்யலாம்?’ இந்த வரிசையில் கேட்கட்டும். பாதிக்கப்பட்டவரிடம், ‘உனக்கு எது கஷ்டமாக இருந்தது? இப்போது என்ன வேண்டும்?’ என்று கேட்க வேண்டும். இருவரும் சம்மதித்தால் மட்டும் நேருக்கு நேர்.

முடிவை எழுதுங்கள்: யார், என்ன, எந்த நாளுக்குள், யார் பார்ப்பது. மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் இருவரையும் விசாரியுங்கள். இப்படி விசாரிக்காமல் விட்ட இடைவெளியில்தான் உங்கள் மறுவாரச் சண்டை நுழைந்திருக்கும்.

ஓர் எல்லையும் உண்டு. பாலியல் சீண்டல் என்றால் இந்த முறை பக்கத்திலேயே வரக்கூடாது, குழந்தைப் பாதுகாப்புச் சட்டப்படிதான் போக வேண்டும். ஒருவரைப் பலர் நீண்டநாள் கொடுமைப்படுத்தியிருந்தால் பாதிக்கப்பட்ட பிள்ளையை எதிரில் உட்காரவைப்பது இன்னொரு கொடுமை.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

பழங்குடி மக்களிடமிருந்து நிறைய வந்திருக்கிறது. மாவோரி மக்களின் வழக்கங்களைத் தழுவி, குடும்பத்தார் கூடி முடிவெடுக்கும் கூட்டத்தை நியூசிலாந்து 1989-இல் சட்டமாக்கியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1994-இல் அது பள்ளிக்குள் நுழைந்தது.

மூத்த ஆசிரியர் ஒருவர், ‘கண்டிப்பு போனால் படிப்பும் போகும்’ என்கிறார். என்ன சொல்வது?

அவருடைய கவலையை மதியுங்கள், அதற்கு ஆதாரம் இருக்கிறது. இந்த முறையைப் பற்றி அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 44 பள்ளிகளில் நடந்த ஆய்வை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2018-இல் வெளியிட்டது. மாணவர்கள் இடைநீக்கத்தில் இழந்த நாட்கள் குறைந்தன, பள்ளிச் சூழல் மேம்பட்டதாக ஆசிரியர்கள் சொன்னார்கள். ஆனால் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை கல்வி அடைவு சரிந்தது. இதை மறைத்துவிட்டுப் பேசினால் நம்பிக்கை போய்விடும்.

இந்த முறை கண்டிப்பைக் கைவிடச் சொல்வதில்லை. கண்டிப்பு மட்டும் இருந்தால் தண்டனை, ஆதரவு மட்டும் இருந்தால் செல்லம். இரண்டும் சேர வேண்டும். அவரையே முதல் ஆறு வாரத்துக்கு அழையுங்கள். விதிகளைத் தெளிவாகச் சொல்லும் அவருடைய பழக்கம் மற்றவர்களுக்கும் வேண்டியதுதான்.

ஓர் ஆசிரியை குறிப்பிட்ட சில பிள்ளைகளையே திட்டுகிறார். சொன்னால் கோபப்படுகிறார்.

சொல்லாதீர்கள், எண்ணுங்கள். வகுப்பின் இருக்கைப் படம் ஒன்றை வரைந்து, இருபது நிமிடத்துக்குக் கேள்வி கேட்டால் ‘கே’, பாராட்டினால் ‘பா’, திருத்தினால் ‘தி’ என்று அந்தந்தப் பிள்ளையின் கட்டத்தில் குறியுங்கள். கேள்விக்குப் பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதையும் பாருங்கள். சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். மூன்று விநாடி ஆக்கினாலே பதில்கள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள்.

தாளை அவர் கையில் கொடுத்து, ‘இதில் உங்களுக்கு என்ன தெரிகிறது?’ என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். கடைசி வரிசையில் நான்கு கட்டத்தில் ‘தி’ மட்டுமே இருந்தால் அதை அவரே பார்ப்பார். அந்தத் தாளும் அவருடையதே, பிரதி எடுக்காதீர்கள்.

பள்ளியின் ஒழுங்குப் பதிவேட்டையும் புரட்டுங்கள். ‘கீழ்ப்படியாமை’, ‘மரியாதைக் குறைவு’ போன்றவை ஆளுக்கு ஆள் மாறும் அளவுகோல்கள், பாரபட்சம் ஒளிந்துகொள்வதும் அவற்றில்தான். பிள்ளை சொன்ன வார்த்தையை, செய்த செயலை அப்படியே எழுதப் பழக்குங்கள்.

எந்த ஆசிரியர் எப்படி என்று தலைமை ஆசிரியர் அறிக்கை கேட்கிறார்.

கொடுக்கக்கூடாது. எத்தனை பேரோடு, எத்தனை வாரம் என்பதை மட்டும் சொல்லுங்கள். இதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் பேசி முடித்துவிடுங்கள்.

இடைநீக்கம் முடிந்து ஒரு மாணவன் திங்கட்கிழமை வருகிறான். ஆசிரியரை எப்படித் தயார்செய்வது?

முதல் மணிக்கு முன் பதினைந்து நிமிடம், வகுப்புக்கு வெளியே, ஆசிரியரும் அவனும் மட்டும். அவன் இடம் அப்படியே இருக்கட்டும், விட்டுப்போன பாடக் குறிப்புகள் மேசைமேல் இருக்கட்டும். யாருக்காவது அவன் சரிசெய்ய வேண்டியது பாக்கியிருந்தால் எப்போது என்று அப்போதே முடிவு செய்யட்டும்.

வெள்ளிக்கிழமையே ஆசிரியரோடு ஒத்திகை பாருங்கள். மாணவனாக நீங்கள் உட்காருங்கள், அவர் கதவைத் திறந்து வரட்டும். பலர் வாயில் முதலில் வருவது, ‘இனிமேலாவது ஒழுங்காக இரு.’ நிறுத்திவிட்டு மறுபடி வரச் சொல்லுங்கள். ‘வந்துட்டியா, உட்கார்’ என்பது இயல்பாக வரும்வரை நாலைந்து முறை ஆனாலும் பரவாயில்லை.